மனைவி பேரில் வெள்ளை வண்டி

தாம்பரம் கார் ஷோரூமில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்கு மிகப் பெரிதாக இருந்தது. விற்பனைப் பெண் எதைக் காட்டினாலும், "விக்கும்போது இதுக்குக் காசு வருமாம்மா?" என்று மட்டுமே கேட்டார். சன்ரூஃப் வைத்த டாப் மாடலை ஒதுக்கிவிட்டு, நடு மாடலில் வெள்ளையைச் சொன்னார்.

"வண்டி என் வைஃப் பேர்ல இருக்கட்டும். அவளுக்கு ஓட்டத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு சார் அவங்க பேர்ல?" என்று சிரித்தேன்.

"எனக்கப்புறம் பேர் மாத்தினா செகண்ட் ஓனர் ஆயிடும் சார், ரேட் விழுந்துடும். டாக்டர் ரெண்டு வருஷம் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் ஆஸ்பத்திரி போய்வர வண்டி வேணுமே."

என் கையிலிருந்த சிவப்பு காரின் படத்தைப் பார்த்தார். "எனக்கும் இதான் புடிச்சுது."

மூன்று வருடமாகிறது. என் சிவப்பு வண்டியைத் துடைக்கும்போதெல்லாம், அந்த வெள்ளை வண்டி என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.