புயல் உருவாகாத ஓட்டம்

இலங்கை மலைநாட்டில் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த வீரையா, பௌதிகவியல் படித்துவிட்டுக் கண்டியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நாள் முழுதும் கணினியில் கடலையும் காற்றையும் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் வேலை.

அவர் ஆராய்ந்தது இடிமேகங்களை. ஓங்கி வளரும் மேகம் நீராவியை மட்டும் தூக்கிக்கொண்டு போவதில்லை. கீழ்க்காற்றின் உந்தத்தை மேலேயும், மேல்காற்றின் உந்தத்தைக் கீழேயும் கடத்துகிறது. கணினி மாதிரி கடலையும் நிலத்தையும் பெரிய கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும்; அந்த மேகங்கள் அவற்றுக்குள் அகப்படுவதில்லை. எவ்வளவு கடத்தல் என்று ஓர் எண்ணை நாமே கொடுக்கவேண்டும்.

அந்த நவம்பரில் கடலில் காற்று சுழலும் ஒரு தாழமுக்கம் கிடந்தது. வீரையா மாதிரியை இரண்டு விதமாக ஓட்டினார். கடத்தலைச் சேர்த்த ஓட்டத்தில் சுழல் கலைந்து வெறும் மழையானது. சேர்க்காததில் அது இறுகிப் புயலாகி மலைநாட்டுக்கு வந்தது. முதலாவதுதான் இயற்கைக்கு நெருக்கம் என்று அவர் நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது: முந்தைய பருவங்களில் கடத்தலைச் சேர்த்த ஓட்டமே சரியாக வந்திருந்தது.

ஓட்டங்கள் முடிந்த மறுநாள் காலை தங்கை சர்மிளா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளும் கணவன் நிரஞ்சனும் கம்பளையில் ஒரு மலைச்சரிவில் வீடு கட்டியிருந்தார்கள்.

"அண்ணே, புயல் வருதுன்னு எல்லாரையும் பள்ளிக்கூடத்துல போய்த் தங்கச் சொல்றாங்க. நீங்க என்னா சொல்றீங்க?"

"புயல் உருவாகாது தங்கச்சி. மழைதான். வீட்டுலயே இருங்க."

புயல் வந்தது. மூன்றாம் நாள் மண் சரிந்தது. சர்மிளா காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கீழே கடைக்குப் போயிருந்தாள். வீட்டையும் நிரஞ்சனையும் நான்கு நாள் கழித்துத்தான் தோண்டி எடுத்தார்கள்.

சர்மிளா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் வீரையாவால் தாங்க முடியாததாக இருந்தது. எண்ணை மாற்றி மாற்றி அதே நாட்களை அறுபது தடவைக்கு மேல் ஓட்டினார். சிலவற்றில் புயல் வந்தது, சிலவற்றில் வரவில்லை.

ஒருநாள் சர்மிளா ஆய்வுக்கூடத்துக்கே வந்தாள்.

"புயல் வராதுன்னு சொன்னீங்களே, அதக் காட்டுங்க."

காட்டினார். திரையில் நிறங்கள் நகர்ந்தன. கம்பளை இருக்கும் கட்டத்தை அவளே விரலால் சுட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மண் சரிந்த நாள் வந்தது. அங்கே இலேசான தூறல்.

"அப்ப, இதுல அவரு இருக்காரா?"

இதில் மனிதர்களே இல்லை, காற்றும் மழையும்தான் என்று வீரையா சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டத்தை மேலே நகர்த்தினார். ஓட்டம் வெள்ளிக்கிழமையோடு நின்றது.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் கணக்குப் போடல."

அவள் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். பிறகு வரவே இல்லை. கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

வீரையா அந்த ஓட்டத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து தொடர்ந்து ஓடவிட்டார். எதற்கென்று சக ஆய்வாளர் நுஸ்ஹா கேட்டபோது திரையில் கம்பளைக் கட்டத்தைக் காட்டினார். அந்தக் கட்டத்தில் இப்போது மார்ச் மாதம். மழை இல்லை, நல்ல வெயில்.