பெரட்டில் பேச்சாயி சொன்ன பதில்

பேச்சாயிக்கு வாய் நீளம் என்பது மலாயாவில் கோலசிலாங்கூர் பக்கத்து அந்த ரப்பர் தோட்டம் முழுவதும் தெரிந்த விஷயம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார சர்க்கார் கொண்டுவந்த அவசரகாலம் அந்த வாய்க்கும் பூட்டுப் போட்டது. ஐந்து பேர் நின்று பேசினாலே கம்யூனிஸ்டு என்று போலீஸ் லோரியில் ஏற்றிவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் தரும் சர்க்கார் மலைக்காட்டை வெட்ட ஒரு பலகைக் கம்பெனி கிளம்பியது.

“வேணாம்னு சொல்லக் கூட்டம் போட முடியாதேக்கா,” என்றாள் பக்கத்து வீட்டு லில்லியன்.

“நாம ஏன்டி போடணும்? தொரையே தெனமும் நம்மளக் கூட்டி நிறுத்துறான் லா!” என்று துள்ளினாள் பேச்சாயி. குழாயடியில் அவள் காதோடு காதாகச் சொன்ன யோசனை, பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

மறுநாள் விடிகாலை, பேர் கூப்பிடும் பெரட்டு. காட்டைப் பார்க்க வந்த அதிகாரியிடம், “எங்கள் ஆட்களுக்கு ஆட்சேபமே இல்லை,” என்று சொல்லியபடி துரை நின்றார். துரை பேச்சைத் தட்டாத, ஆள் கணக்கு எழுதும் கிராணி காப்ரியல் ஆரம்பித்தார்.

“பேச்சாயி!”

“காட்ட வெட்டாதீங்க!”

துரையின் முகம் சிவந்தது.

“வேலம்மா!”

“காட்ட வெட்டாதீங்க!”

வரிசை முழுக்க அதே பதில். கூட்டமில்லை, கோஷமில்லை, கூப்பிட்ட பேருக்குப் பதில், அவ்வளவுதான். யாரைப் பிடிப்பது? பேச்சாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கடைசிப் பேரும் முடிந்தது. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். துரையைத் திரும்பிப் பார்க்காமல் இன்னொரு பேரை உரக்கக் கூப்பிட்டார்.

“காப்ரியல்!”

பதிலையும் அவரே சொன்னார்.