பன்னிரண்டாம் எண் வீடு

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “காகிதம் பொய் சொல்லாது” என்று பீற்றிக்கொள்வாள் தூசி அக்கா. ஆவணக் காப்பகத்தில் பழைய கட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தும்மியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதிலும் அவளுக்குப் பெருமைதான், போங்கள்.

பழங்காலத்து மாடிவீடு ஒன்றை வாங்கி லாட்ஜ் ஆக்கியவர், அதில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று தேடித் தரச் சொன்னார். வீட்டுவரிப் பதிவேட்டில் அந்தப் பன்னிரண்டாம் எண் ஒரு மருத்துவச்சியின் பெயரில் இருந்தது. நீதிமன்றக் கட்டு ஒன்றிலோ ஒரு கொலை வழக்கு. அதே தெரு, பன்னிரண்டாம் எண் வீட்டுக்காரி, வேலைக்கு வந்த சிறுமியை அடித்தே கொன்றாளாம். சாட்சி இல்லாமல் விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரியின் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. தின்றால் என்ன, எண்தான் இருக்கிறதே! இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள் நம் ஆள்.

லாட்ஜ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “கொலை நடந்த வீடுன்னா கூட்டம் அள்ளும்க்கா!” என்று மருத்துவச்சியின் பெயரைப் போட்டு வாசலில் பலகையே மாட்டிவிட்டார்.

அந்த வாரமே மருத்துவச்சியின் மகள் காப்பகத்துக்கு வந்தாள். தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனி ஆள்.

“நான் பொறக்கறதுக்கு முந்தி நடந்ததுங்கறாங்க. நல்லாப் பார்த்துத்தான் எழுதினீங்களாம்மா?”

“ரெக்கார்டுல இருக்குங்க. நான் என்ன பண்ண?” தூசி அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“சரிம்மா” என்று போய்விட்டாள் அவள். சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்த ‘சரிம்மா’ இரவெல்லாம் அரித்தது.

மறுநாள் கட்டுகளை மறுபடி இறக்கினாள். வழக்கு நடந்த காலத்துக்கும் வரிப் பதிவேடு எழுதிய காலத்துக்கும் நடுவில் தெருவை நீட்டி, மறுகோடியிலிருந்து புதிதாக எண் போட்டிருந்தார்கள். கொலை நடந்த பழைய பன்னிரண்டாம் எண், தெருக்கோடியில் எப்போதோ இடிந்துபோன வேறொரு வீடு. எண் மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காத புதுப் பிள்ளைகளைக் கிழி கிழியென்று கிழிப்பவளே இவள்தான்.

உடனே ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வாரக்கணக்கில் இழுத்தாள். யாரோ “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொன்னபோது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கே லாட்ஜ்காரர் கத்தக் கத்தப் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு மகளின் வீட்டுக்குப் போனாள்.

“தப்பு எம்மேலதாம்மா. அது வேற வீடு. உங்கம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தெரிஞ்சும் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று நின்றாள். மகள் மெல்லக் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து, பழைய துணியில் சுற்றிய ஒரு படத்தை இழுத்தாள். சிரித்த முகமாக ஒரு பெண்.

“ரெக்கார்டுல இருக்குன்னு நீங்க சொன்ன அன்னிக்கே அம்மா படத்தைக் கழட்டி உள்ள தள்ளிட்டேன்” என்றாள்.

தூசி அக்கா படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

“உங்களை என்னம்மா சொல்றது? நீங்க எங்கம்மாவைப் பார்த்ததுகூட இல்ல. அவங்க கையால சாப்பிட்டு வளர்ந்தவ நான். நானே நம்பிட்டேனே!”