மொட்டைமாடியில் டிரவுட் சீசன்

என் அக்கா வீட்டுக்காரர் மாக்சிம், பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். ஒவ்வொரு சொல்தாவிடமும் ஒரு வீரக்கதை இருக்கும். ஒருவர் குண்டடி பட்டிருப்பார், இன்னொருவர் வழிதெரியாமல் நின்ற ஜெனரலுக்கு வழி சொல்லியிருப்பார். எங்கள் மாமா யாரையும் சுடவில்லை, அவரையும் யாரும் சுடவில்லை. அதனால் அவர் மீன் பிடித்தார்.

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பிரான்சின் மலையாறுகளில் டிரவுட் என்கிற மீனைப் பிடிக்கும் சீசன் தொடங்குகிறது. லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் இருந்துகொண்டு, ஆபீசில் தபாலுக்கு நம்பர் போடுகிற எனக்கு இந்தத் தகவல் எதற்கு என்று கேட்கலாம். நானும் பல வருஷம் கேட்டுப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை காலையில் குருசுக்குப்பத்தில் உள்ள அக்கா வீட்டுக்கு நான் காப்பி குடிக்கப் போனால், மாமா ஒரு பழைய தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் அவருடைய கர்னல் கதையை ஆரம்பிப்பார்.

"விடியக்காலம், மார்ட்டின். இடுப்பளவு தண்ணி, ஐஸ் மாதிரி. கொலோனெல் ரெண்டு மணி நேரமா வீசுறாரு, ஒண்ணும் மாட்டல. 'மாக்சிம், நீ வீசு'ன்னாரு. வீசுனேன்." இங்கே மூன்று விரலைக் காட்டுவார். "வொயலா! மூணு."

மூன்று மீன்களும் ஆரம்பத்தில் ஒரு சாண் இருந்தன. நான் ஆபீசில் பதவி உயர்வு இல்லாமல் கிடந்த காலத்தில் அவை வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்து முழங்கையைத் தொட்டுவிட்டன.

இந்தக் கதையை ஒருத்தி மட்டும் உண்மையாகவே ரசித்துக் கேட்பாள். அவருடைய ஒரே மகள் மரி-லோர். சின்ன வயதில் அவளுக்கு அது பொழுது சாயும் நேரத்துக் கதை. மூன்றாவது மீன் கரையேறாமல் தூங்க மாட்டாள். அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டே மாமா முற்றத்தில் உட்கார்ந்து வீட்டு மீனை ஆய்வார். அது மட்டும் அவர் வேலை. மீன் கூடைக்காரி ஆயம்மாவைக்கூடத் தொட விடமாட்டார். சின்னக் கத்தியால் வயிற்றில் ஒரே கீறல், கட்டை விரலால் முள்ளை ஒட்டி ஒரே வழிப்பு, சுத்தம். அந்த நேர்த்தியைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மரி-லோர் படிக்கப் பிரான்சுக்குப் போனாள், வேலை கிடைத்தது, ஒரு பிரெஞ்சுக்காரனைக் காதலித்தாள். மாமா பிரெஞ்சுக் குடிமகன், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று மெடல் மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நிற்பவர். அப்படிப்பட்டவர், பிரெஞ்சு மாப்பிள்ளை வேண்டாம் என்று குதிகுதியென்று குதித்தார். அந்தக் காரணத்தை வெளியே சொல்ல வெட்கம். நல்லவேளையாக அந்த மாப்பிள்ளை வீட்டார் 2003 மார்ச் எட்டாம் தேதியைக் குறித்தார்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்து மூன்றாவது நாள்.

"தவக்காலத்துல கல்யாணமா? நம்ம கோயில்ல பந்தல்கூட போட மாட்டான்! எந்த வேதக்காரன் செய்வான்?" என்றார். அதுவரை ஞாயிற்றுப் பூசைக்கே பிரசங்கம் முடிந்து போகிறவர். தானும் போகவில்லை, அக்காவையும் விடவில்லை. அன்றைக்கு மார்ச்சின் இரண்டாவது சனிக்கிழமைதான், ஆனாலும் தொப்பி போடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அப்பாவும் மகளும் பேசவில்லை. அக்கா ஸ்டெல்லாமேரி மட்டும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசுவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கி வருவாள். 2006 கடைசியில் வில்லியனூர் மாதா கோயிலில் முழங்கால் போட்டு வேண்டிக்கொண்டாள். பிள்ளை எங்களை வாயாரக் கூப்பிட்டால், வருகிற தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் மீனைத் தொட மாட்டோம் என்று. மீன் இல்லாமல் சோறு இறங்காத குருசுக்குப்பத்துக்காரி கறியை விடுவதாக வேண்டியிருந்தால் மாதா கண்டுகொண்டிருக்கமாட்டாள். மீனை என்றதும் அசந்துவிட்டாள் போலிருக்கிறது. ஜனவரியிலேயே வீட்டு போன் மணி அடித்தது.

மரி-லோர் சுருக்கமாகத்தான் பேசினாளாம். "பப்பா, மார்ச் பத்தாம் தேதி இங்க சீசன் தொறக்குது. என் மாமனாரு உங்கள கூப்புடச் சொல்றாரு. நானும் கூப்புடுறேன். வாங்க."

மாமா அழுதார். அதை நான் கேலி செய்யப்போவதில்லை. கேலிக்கு வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

பத்து நாளில் தபாலில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே நாலு துண்டாகக் கழற்றி மாட்டும் தூண்டில் கோல், சக்கரம், தடித்த மஞ்சள் நூல், ஒரு கடிதம். எழுதியவர் ரெனே, மரி-லோரின் மாமனார், அந்த ஊர் மீன்பிடி சங்கத்தின் தலைவர். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் சொன்னார். உங்களைச் சந்திக்க நாலு வருஷமாகக் காத்திருக்கிறேன். சீசனின் முதல் வீச்சை, சங்கத்தின் நாற்பது உறுப்பினர்கள் முன்னால், நீங்கள்தான் வீச வேண்டும். உங்கள் ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் எப்படி?

"என்னா ஆறு மாமா?" என்றேன்.

"அது பொலித்தெஸ்டா. பிரெஞ்சுக்காரன் மரியாதைக்குக் கேப்பான்."

எங்களுக்குத் தெரிந்த ஆறு சங்கராபரணி. மார்ச் மாதம் அதில் இறங்கி நிற்பவை மணல் லாரிகள்தான். ஆனால் நான் மேலே யோசிக்கவில்லை. மாமாவின் முகம் வெளுத்திருந்ததைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் என்னை ரகசியமாகக் கூப்பிட்டார். "லாஸ்பேட்டையில பிரவுசிங் சென்டர் இருக்குல்ல? இந்த ஈத் தூண்டில் எப்படி வீசுறதுன்னு படம் எதுனா இருந்தா பிரிண்ட் எடுத்துட்டு வாடா. சும்மா, ஞாபகப்படுத்திக்க."

கொலோனெலையே தோற்கடித்தவருக்கு ஞாபகமறதி. சரி, வயசு. பன்னிரண்டு பக்கம் எடுத்துக் கொடுத்தேன். படித்ததில் எனக்கும் விஷயம் புரிந்தது. இந்த மீனுக்குப் புழு வைக்கக்கூடாது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டி ஈ மாதிரி செய்து, தண்ணீரின் மேல் ஈ வந்து உட்காருவதுபோல மெல்ல விழவைக்க வேண்டும். மீன் அதை நிஜ ஈ என்று நம்பி ஏமாறும். நாங்களே மாமாவை நம்பியிருக்கும்போது மீனைக் குறை சொல்வானேன்.

தயாரிப்பு தொடங்கியது. முள் மீன்வலைக் கடையில் கிடைத்தது, நூலை அக்காவின் தையல் பெட்டி கொடுத்தது, இறகுக்குக் கோழிக்கடை. இடுப்பளவு தண்ணீரில் நிற்க, சாக்கடை வேலைக்காரர்கள் போடுகிற முழங்கால் பூட்ஸை எங்கிருந்தோ வாங்கி வந்தார். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்த ஆயம்மா, அவர் கட்டிவைத்த ஈயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா சொல்தா இது?"

"இத வச்சித்தான் பிரான்சுல மீன் புடிப்போம்."

"காலையிலேருந்து கூடையில ஈ ஒக்காராம கை வலிக்க விசிறிக்கினு கீறேன். நீ ஈயக் காட்டிப் புடிக்கப் போறியா? எங்க ஊட்டு ஆம்பள இத கேட்டா படகயே வித்துடுவான்."

அடுத்தது மொட்டைமாடி. நடுவில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கப்பட்டது. அதுதான் ஆறு. வாளியை நகர்த்துவது என் உத்தியோகம். மாமா பூட்ஸோடு நின்று கோலைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசுவார். முதல் வாரம் அவர் பிடித்தவை: கொடியில் காய்ந்த அக்காவின் பாவாடை ஒன்று, பக்கத்து வீட்டு டி.வி. ஒயர், என் சட்டைக் காலர். வாளியில் ஒரு தடவைகூட விழவில்லை. பதினைந்து அடி தூரத்தில் அசையாமல் இருக்கிற வாளியில்.

"காத்து சரியில்ல. கடக்காத்து. ஆத்துக் காத்து வேற" என்றார்.

பிப்ரவரியில் ஒருநாள் கோயில் காலண்டரைப் பார்த்தவர் கத்தினார். "ஸ்டெல்லா! சாம்பல் புதன் இருபத்தொண்ணு! மார்ச் பத்து தவக்காலம்! உன் வேண்டுதல் என்னா ஆவுறது?"

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிள்ளை கூப்பிட வேண்டும் என்று வேண்டியவள், எப்போது வரச்சொல்லிக் கூப்பிடுவாள் என்று கணக்குப் பார்க்கவில்லை. மகள் கூப்பிட்டால் மீனைத் தொட மாட்டோம் என்று மாதாவுக்கு வாக்கு. மகள் கூப்பிட்டதோ மீன் பிடிக்க.

அன்றைக்கு மாமாவின் முகத்தில் வந்த பக்தியை நான் கோயிலில் எந்தச் சுரூபத்திலும் பார்த்ததில்லை. "மாதாவுக்குச் சொன்னது சொன்னதுதான். நான் போறேன். பொண்ணப் பாக்குறேன். கரையில நிக்கிறேன். ஆனா கோலத் தொட மாட்டேன். ரெனே மனசு கஷ்டப்படும், என்னா செய்றது" என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் ஒரு மாசக் காற்று வெளியேறியது. மாலையில் ஜெபமாலை வேறு. பூட்ஸை ஆயம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அக்காவுக்குப் புருஷன்மேல் பாசம் அதிகம். அவருடைய வாழ்நாள் ஆசை தன்னால் கெட்டுப்போகிறதே என்று மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் பங்குச் சாமியாரைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்தாள்.

"என்னாங்க, கவலய விடுங்க! சாமியாரு சொல்லிட்டாரு. சாப்புடாம இருந்தா போதுமாம். புடிக்கலாமாம். இயேசுவோட சீடருங்களே மீன் புடிச்சவங்கதானன்னு சிரிக்கிறாரு. நீங்க தாராளமா வீசுங்க!"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் வீசுனதே இல்ல ஸ்டெல்லா. நான் கொலோனெலோட சமையக்காரன். அவரு புடிப்பாரு. நான் கரையில ஒக்காந்து ஆஞ்சி குடுப்பேன். அந்த மூணு மீனும் அவரு புடிச்சது."

நான் இருபத்தேழு வருஷமாக இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தவன். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் காலி காப்பி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"சமையக்காரருன்னு ஆயற கையப் பாத்தாலே தெரியாதா" என்றாள் அக்கா. "இவ்ளோ சுத்தமா ஆயறவரு, புடிக்கவும் செய்வாருன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

"நாப்பது பேரு முன்னால அந்தப் புள்ள தலை குனியும். நாலு வருஷம் கழிச்சிக் கூப்புட்டிருக்கா. நான் வரல. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு" என்றார் என்னைப் பார்த்து.

"அத நீங்களே அவகிட்ட சொல்லுங்க மாமா" என்றேன். கோபம் எனக்கு. கல்யாணத்துக்குத்தான் ஒரு சாக்கு, இதற்கும் ஒன்றா? நானே நம்பரை அழுத்தினேன். மாமாவுக்குக் காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கர்தான்.

மாமா சொன்னார். சமையற்கட்டு, கொலோனெல், மூன்று மீன், மொட்டைமாடியில் வாளி, எல்லாவற்றையும். லைன் போய்விட்டதா என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"பப்பா" என்றாள் மரி-லோர். "கல்யாணத்தன்னிக்கு உங்க நாற்காலியும் அம்மா நாற்காலியும் காலியா இருந்துச்சி. எல்லாரும் கேட்டாங்க. எங்கப்பாவுக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலன்னு நான் எப்படிச் சொல்வேன்? 'இன்னிக்கு எங்க ஊரு ஆத்துல சீசன் தொறக்குது, எங்கப்பா அந்த நாள எதுக்காகவும் விட மாட்டாரு'ன்னு சொல்லிட்டேன். மாமனாரு எழுந்து நின்னு கைதட்டுனாரு. அவரு எனக்காக அந்த வருஷம் சீசன் தொறப்புக்குப் போவல. 'என்னவிடப் பெரிய மீன்காரன்'னு உங்களப் பத்தி நாலு வருஷமாப் பேசுறாரு."

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க புடிக்க வேணாம். தண்ணியில விழுந்தாலும் பரவால்ல. ஆனா வரணும். இன்னொரு தடவ காலி நாற்காலிக்குச் சொல்ல எங்கிட்ட கதை இல்ல, பப்பா."

போனை வைத்தாயிற்று. மாமா எழுந்து அறைக்குள் போனார். கோலோடு வெளியே வந்தார், மாடிப்படி ஏறினார். மத்தியானம் ஒரு மணி. தரை கொதித்தது. அக்கா முன்னால் ஓடிக் கொடியில் கிடந்த துணியை எல்லாம் உருவினாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், மாமாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எட்டடியில் வைத்தேன்.

அவர் வாளியைப் பார்த்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தள்ளி வைடா மார்ட்டின்" என்றார். "இன்னும் தள்ளி வை."