மிளகாய்க் களத்தில் வடி

சூரிய மின் நிலையத்தில் வெயிலை அளப்பது என் வேலை. எந்த நேரத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று காட்டும் கருவிகளைத் துடைத்து, சரிபார்த்து, குறித்து வைக்க வேண்டும். அதனால், உச்சிப்புளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பஞ்சாபி அக்கா வடி காயவைக்க வேண்டும் என்றதும், அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

வடி அவர்கள் ஊர்ப் பண்டம். ஊறவைத்த உளுந்தை அரைத்து, துருவிய வெள்ளைப் பூசணி, மிளகு, மல்லி, மிளகாய், பெருங்காயம் சேர்த்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததை எண்ணெயில் சிவக்க வறுத்து, உடைத்து, உருளைக்கிழங்குக் குழம்பில் போடுவார்கள். அம்மா மாவைப் பார்த்துவிட்டு, "நம்ம வடகந்தான். கிள்ளி வைக்கச் சோம்பப்பட்டு உருட்டிட்டாக" என்றாள்.

அக்காவுக்கு இது வெறும் பண்டம் இல்லை. கணவருக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. போன வருடம் பார்க்க வந்த மாமியார், பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கொண்டுவருவதுபோல ஒரு பை நிறைய வடி கொண்டுவந்தார். கடலோரத்தில் வடி காயாது, காய்ந்தாலும் இவள் கையால் வராது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். இப்போது மறுபடி வருகிறார்.

"அவங்க பையத் திறக்கு முன்னாடி என் வடி தட்டுல இருக்கணும்" என்றாள் அக்கா. தமிழ் அவளுக்கு இந்த அளவுக்கு வந்திருந்தது.

ஒன்பது குறிப்புகள் எழுதினேன். இடைவெளி எத்தனை விரல், எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும், காக்காய்க்கு எங்கே கறுப்புத் துணி கட்ட வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. மாவு புளிக்கக் கூடாது என்பதை அடிக்கோடிட்டிருந்தேன். மூன்று நாளும் கருவியில் வெயில் பிரமாதமாக இருந்தது. மொட்டை மாடியில் வடி பகலில் காய்ந்தது, சாயங்காலக் கடல் காற்றில் மறுபடி ஊறியது. நான்காம் நாள் அதற்கு வெள்ளை முடி முளைத்தது. பூஞ்சையைப் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை.

அடுத்த முயற்சிக்குக் காற்றில் ஈரமில்லாத இடம் வேண்டும். உத்தரகோசமங்கைக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் அய்யா, அப்பாவைப் பெற்றவர், மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அரைத்த மாவைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் முதல் பஸ்ஸில் போனோம். களத்தின் ஓரத்தில் பாய் விரித்து உருட்டி வைத்தோம். ஒன்பது குறிப்புகளையும் அய்யாவிடம் கொடுத்தேன்.

அவர் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். "ஏந்தாயி, நான் ஒண்ணும் காயப்போட்டதே இல்லையா? நீங்க பஸ்ஸப் பிடிங்க, போங்க."

மூன்றாம் நாள் காலையில் போன் செய்தேன்.

"ரெண்டு ராவும் குமிச்சுச் சாக்குப் போட்டு மூடி வச்சேன். லேசாப் புளிச்ச வாடை வருது. பழுத்திருச்சுன்னு நெனைக்கிறேன்."

பறித்த மிளகாயைக் குவித்து மூடி வைத்தால் அரைப்பழமெல்லாம் ஒன்றுபோலச் சிவக்கும். அதன் பிறகுதான் களத்தில் பரப்புவார்கள். எங்கள் ஊரில் காயப்போடுவது என்றால் அப்படித்தான்.

"அய்யா, அது மிளகாய் இல்ல."

"தெரியுதே. மொளகான்னா இந்நேரம் செவந்திருக்கும்."

ஒட்டிக்கொண்டதை உடைத்துப் பரப்பி, மேலும் ஐந்து நாள் காயவைத்துச் சாக்கில் கொண்டுவந்தார். ஒன்றுகூட உருண்டையாக இல்லை. கல்போலக் காய்ந்திருந்தது, புளிப்பு வாடை அடித்தது. அக்கா ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சாக்கின் வாயைக் கட்டினாள். மறுநாள் மாமியார் வந்து இறங்கினார்.

வேறு வழியில்லாமல் அதையே சமைத்தாள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள், சாட்சிக்காக இருக்கலாம். மாமியார் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு கரண்டியை எடுத்து அவரே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். வேலை இடத்தில் நான் கற்ற இந்தியை வைத்து அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

"மாவைப் புளிக்க விடு, புளிக்க விடுன்னு ஏழு வருசமாச் சொல்றேன். இப்பத்தான் காதுல ஏறியிருக்கு."

அடிக்கோடிட்ட குறிப்பை நினைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

"இந்த ஊர்ல எப்படிக் காயவச்சே?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கடல் காத்துலதான் அம்மா. அதுல ஒரு பக்குவம் இருக்கு" என்றாள்.

மறுநாளே மாமியார் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு பாய் நிறைய வடி வைத்தார். இன்றோடு நான்கு நாளாகிறது. தினமும் மூன்று முறை ஏறி அழுத்திப் பார்த்துவிட்டு, ஒட்டிய மாவை விரலிலிருந்து துடைத்துக்கொண்டே இறங்கிவருகிறார். சாயங்காலம் கடல் காற்று கிளம்பியதும் அக்கா மேலே போய், மிகுந்த மரியாதையோடு, ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறாள்.