நண்டுக்கு சீட் பெல்ட்

திருப்பாலைவனத்தில் அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுச் சீர் இரண்டு கார்களில் கிளம்பியது. ஒன்று நைனாவுடையது. என்னைவிட வயதில் மூத்தது; உருண்டை மூக்கு, ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். இன்னொன்று தம்பி போன மாதம் வாங்கியது. அதில் கியரே மாற்ற வேண்டாம்.

நைனா முதல் பஸ்ஸிலேயே பந்தல் வேலைக்குப் போய்விட்டதால் பழைய காரை நான் எடுத்தேன். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். முன்னால் என்னோடு இரண்டு சித்திகள், பின்னால் அவர்களுடைய நான்கு மருமகள்கள். எல்லோரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள்.

“அந்த டப்பா போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தைக்குக் கல்யாணமே ஆயிடும்க்கா” என்றான் தம்பி. அவனுடைய காரில் அம்மா முன்னால் உட்கார்ந்தார். விருந்துக்கான நண்டுக் கூடை பின்சீட்டில்.

பழவேற்காடு பாலத்தில் ஏறியதும் அவன் வண்டி நின்றது. நானும் பின்னால் நிறுத்தினேன். கார் விடாமல் ‘டிங் டிங்’ என்று கத்திக்கொண்டிருந்தது. தம்பி நான்கு கதவுகளையும் திறந்து திறந்து மூடினான்.

“பின்னாடி யாரோ பெல்ட் போடலன்னு சொல்லுதுக்கா.”

“பின்னாடி யார்டா கீறாங்க?” என்றார் அம்மா.

“நண்டு கீதும்மா!”

கூடையின் கனத்தை ஆள் என்று நினைத்துவிட்டது கார். தம்பி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கூடைக்குப் பெல்ட் மாட்டினான். சத்தம் நின்றது. சின்னச் சித்தி சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டிப் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அதற்குள் எங்கள் வண்டி அணைந்துபோயிருந்தது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் செருமியதே தவிர கிளம்பவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆறு பேரும் தள்ளினார்கள். மீன் ஏற்றிய ஆட்டோக்காரர் ஒருவர், “இன்னாம்மா, தேர் இழுக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இறக்கத்தில் கார் உறுமிக் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்ற பயத்தில் நான் உருட்டிக்கொண்டே போக, ஒவ்வொருவராக ஓடிவந்து ஏறினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு ரோடே சரியாகத் தெரியவில்லை.

விருந்து முடிந்து திரும்பும்போது, “ஒரு வாட்டி குட்றா” என்று கெஞ்சி அவன் வண்டியை வாங்கினேன். பழைய காரை ஓட்டியே பழகாத அவன் அதில் ஏறிக் காலோரம் துழாவி, “கியர் எங்கக்கா?” என்று கத்தினான். எனக்கும் அதே கதிதான். பழக்கத்தில் என் இடதுகால் கிளட்சைத் தேடிப்போய்ப் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றதும் அம்மாவின் கொண்டைப் பூ மடியில் விழுந்தது.

“இடது காலை மடக்கி வெச்சிக்கோடி!”

மடக்கிக்கொண்டேன். அப்புறம் பார்க்க வேண்டுமே! சத்தமே இல்லை. மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அம்மா மெதுவாகப் பேசியதுகூடக் காதில் விழுந்தது. நைனாவின் காரில் பக்கத்துச் சீட்டுக்கே கத்தித்தான் பேச வேண்டும்.

பாலம் வந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏரிக்காற்று மொத்தமும் உள்ளே வந்தது. பாலத்தைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “இன்னொரு வாட்டி போலாமா?” என்றார்.

வண்டியைத் திருப்பினேன். எதிரே சித்திகளோடு திணறியபடி வந்த தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “எங்கக்கா போற?” என்று அலறினான். அம்மா அவனுக்குக் கையசைத்தார். அன்றைக்குத் திரும்பும்போது மட்டும் அந்தப் பாலத்தை மூன்று முறை கடந்தோம்.