மண்ணெண்ணெய்ப் புனலில் ஊதிய சங்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்த லேத்துப் பட்டறை, கள்ளிக்குப்பத்தில் மாடி வீடு, திருநின்றவூரில் ஏரியைப் பார்த்தபடி ஒரு மனை, மகளுக்கு இன்ஜினியர் படிப்பு. அத்தனையும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்தத் தலை சம்பாதித்தது. கைகொடுத்தவர் யாரும் இல்லை. காலை வாரியவர்கள்தான் உண்டு. ஆனால் நான் முதன்முதலில் நடத்திய தொழில் பட்டறை அல்ல, கோழிக்குஞ்சு.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. அப்பா வேலை பார்த்த கம்பெனியின் சங்குதான் தெருவுக்கே கடிகாரம். அம்மா குஞ்சுகள் வாங்கி வந்ததும் தீனிப் பொறுப்பை என்னிடம் விட்டு ஒரே சட்டம் போட்டாள்: சங்கு ஊதினால் தீனி. சின்னதாக இருக்கும்போது ஊறவைத்த நொய், கொஞ்சம் கொஞ்சமாக. இறகு முளைத்த பிறகு கம்பும் தவிடும். சில நாளில், சங்கு ஊதியதும் எனக்கு முன்னால் குஞ்சுகள் வாசலில் வந்து நின்றன.

பிறகு கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். சங்கும் நின்றது. அப்பா கட்டிலில் படுத்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை வைக்கும் வரை குஞ்சுகளைக் காப்பாற்றிவிட்டால் அடுப்பு எரியும் என்று அம்மா நம்பியிருந்தாள். குஞ்சுகளோ சங்கு கேட்காமல் வீடு திரும்பவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் முள்புதரிலேயே மேய்ந்தன. பருந்து ஒன்றைத் தூக்கிப் போனது. மறுநாள் இன்னொன்று.

யோசித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலை வாயில் வைத்து, அடிவயிற்றிலிருந்து ‘ஊ’ என்று இழுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, கம்பெனிச் சங்கே தோற்றது. புழுதி பறக்க ஓடி வந்தன குஞ்சுகள்.

குஞ்சுகள் மட்டுமா? எதிர்வீட்டுக்காரர் வாயில் பல்பொடியோடு வெளியே வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, கம்பெனி தொறந்துட்டானுங்களா?"

அப்பா காக்கிச் சட்டையில் ஒரு கையை நுழைத்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார். அம்மா கரண்டியோடு பின்னால் ஓடினாள்.

"சங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன் புள்ளதான்யா புனல வச்சி ஊதிகினு கீறான்!"

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "சோக்கா ஊதுன நைனா. அப்டியே சம்பளத்தையும் ஊதி உட்று!"

அம்மாவின் அடிக்கு நான் முதுகைக் காட்டத் தயாராக நின்றேன். திரும்பி வந்த அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"உடு, அடிக்காத. டைமுக்கு ஊதட்டும். கோயிங்களாவது துன்னட்டும்."

மறுநாளிலிருந்து நான் ஊதும்போதெல்லாம் அப்பா அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டி, தலை வாரிக்கொண்டு வருவார். குந்தி உட்கார்ந்து தீனி இறைப்பார். கடைசிக் குஞ்சு தின்று முடிக்கும் வரை எழமாட்டார். பிறகு சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் வைப்பார். என் விளையாட்டில் அவரும் சேர்ந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

பூட்டுத் திறக்க மாதக்கணக்கானது. அதற்குள் கோழிகள் முட்டை வைத்து, முட்டைகள் டீக்கடைக்குப் போய், எங்கள் அடுப்பு எரிந்தது. "அம்மாதான் கோயி வளத்து நம்மளக் காப்பாத்துச்சி" என்று என் தங்கைகள் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. ஆனால் என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்பெனி கதவைச் சாத்தியபோது, எங்கப்பாவுக்கு வேலை கொடுத்தவன் நான்.